வளைந்த தளமும் நேரான அடிமட்டமும்

தட்டையான பொருளைக் கொண்டு வளைந்த பொருளை மூடுவது எக்காலத்திலும் மனிதனுக்குச் சோதனையாக இருந்துவரும் வேலை. தையல் அறிந்த தாய்மாரைக் கேட்டால் இதன் உண்மையை உடனே சொல்வர். துணி தட்டை, தோள் வளைவு. சட்டையின் கை தோளிலே பொருந்த வேண்டுமாயின் துணியை நேர்கோட்டில் வெட்டிப் பயனில்லை. ஆயினும் துணி இரக்கமுள்ள பொருள். சற்று இழுக்கலாம், சற்றுச் சுருக்கலாம், பிழைத்தால் தையலைப் பிரித்து மறுபடியும் தைக்கலாம். மரப்பலகையிடம் அந்த இரக்கத்தை எதிர்பார்த்தல் கூடாது. வாள் ஓடிய இடம் ஓடிய இடந்தான்.

இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட விடயம், பழைய பாய்ப்படகு ஒன்றைப் புதுப்பிக்கும்போது அதன் வளைந்த மேற்றளத்துக்கு ஒட்டுப்பலகையை அளந்து வெட்டும் முறையாகும். படகு வைத்திருப்போர் நம்முள்ளே சிலரே. அவர்களுள்ளும் பழைய படகைத் தம் கையாலே திருத்துவோர் மிகச் சிலர். ஆயினும் வட்டத்தையும் நாணையும் வில்லையும் கணித நூலிலே படிக்கின்ற மாணவருக்கும், வீட்டில் ஒரு அலமாரியையேனும் தாமே பொருத்திப் பார்க்க விரும்பும் பெற்றோருக்கும் இவ்வேலை சொல்லும் பாடம் ஒன்று உண்டு. அளத்தல் என்பது எண்ணைக் குறித்துக்கொள்வதோடு முடிந்துவிடுவதில்லை என்பதே அது.

முதலிலே பலகையைப் பற்றிச் சிறிது கூறுவோம். ஒட்டுப்பலகை நம் நாட்டினருக்குப் புதியதன்று. தேயிலைப் பெட்டியின் உருவிலே அது பல தலைமுறையாக நம் வீடுகளிற் புழங்கியது. கிந்தோட்டையில் இயங்கிய ஒட்டுப்பலகைத் தொழிற்சாலையும் இப்பெட்டிகளுக்கு வேண்டிய பலகையைச் செய்தது. இன்று தேயிலை பெரும்பாலும் கடதாசிச் சாக்குகளிலேயே ஏற்றுமதியாகின்றது. எனினும் பழைய வீடுகளின் மூலையிலே புத்தகமும் பாத்திரமும் நிறைத்துவைத்த தேயிலைப் பெட்டி ஒன்று இன்னும் இருக்கக்கூடும். அதன் உடைந்த விளிம்பை உற்றுப் பார்த்தால் பலகையின் இரகசியம் புலப்படும். மெல்லிய மரத்தாள்கள் மூன்று ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டப்பட்டிருக்கும். நடுத்தாளின் நார், மேற்றாளின் நாருக்குக் குறுக்காக ஓடும். மரம் நாரின் வழியே வலியது. நாருக்குக் குறுக்கே மெலியது. ஈரத்தில் அது பெரிதும் விரிவதும் குறுக்கேதான். நார்களை மாறி மாறி அடுக்கும்போது ஒரு தாளின் குறையை அடுத்த தாள் தாங்கிக்கொள்கின்றது. மூன்று, ஐந்து, ஏழு எனத் தாள்களை ஒற்றைப்படையாக அடுக்குவதும், இரு முகங்களும் சமநிலையில் நின்று பலகை கோணாதிருத்தற்பொருட்டே.

பெட்டிக்கு ஏற்ற பசை படகுக்கு ஆகாது. நெடுநேரம் நனைந்தாற் பழைய பசைகள் கரைந்து தாள்கள் பிரிந்துவிடும். 1934 இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலே ஜேம்ஸ் நெவின் என்னும் இரசாயனவியலாளர், நீருக்கு இளகாத செயற்கைப் பசையொன்றை ஒட்டுப்பலகைக்கென உருவாக்கினார். அத்தகைய பசைகள் வந்த பின்னரே ஒட்டுப்பலகை நம்பிக்கையோடு தண்ணீரில் இறங்கியது. இன்று படகுக்கென விற்கப்படும் நல்ல பலகையிலே பிரித்தானிய நியமம் 1088 என்ற குறி இருக்கும். பசை கொதிநீரிலும் விடாது என்பதும், உட்டாள்களிலே பெரும் வெடிப்பும் ஓட்டையும் இல்லை என்பதும் அக்குறியின் பொருளாகும்.

இனிப் படகுக்கு வருவோம். இரண்டாம் உலகப் போர் முடிந்த பின்னர், நடுத்தரக் குடும்பத்தவரும் தம் வீட்டுக் கொட்டிலிலே கட்டிக்கொள்ளக்கூடிய படகுகளை இங்கிலாந்திலே சிலர் வரைந்தனர். அவர்களுள் முதன்மையானவர் ஜக் ஹோல்ற். 1949 இல் அவர் வரைந்த 14 அடி நீளப் படகு, பொதுப் பயன் என்னும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்களைக் கொண்டு ஜீ.பி. 14 என்று பெயர் பெற்றது. குடும்பமாக உலாவவும் பந்தயம் ஓடவும் ஒருங்கே உதவும் படகு என்பது கருத்து. வேல்ஸ் நாட்டின் அபெர்டவி என்னும் கடலோர ஊரின் தொடர்பினால் அதன் பாயிலே மணி ஒன்று சின்னமாக விளங்குகின்றது. இதுவரை 14,000 க்கு மேற்பட்ட படகுகள் இவ்வகையிற் கட்டப்பட்டுள்ளன. நமது நாட்டிலும் மொறட்டுவைக்கு அருகே பொல்கொடை ஏரியில் இவ்வகைப் படகுகள் ஓடியிருக்கின்றன. பிற்காலத்தவை கண்ணாடி நாரினால் ஆனவை. முற்காலத்தவையோ உடலும் தளமும் ஒட்டுப்பலகையால் ஆனவை. அம்முற்காலப் படகுகளுட் பல இன்று அறுபது ஆண்டைத் தாண்டிவிட்டன. அவற்றைப் புதுப்பிக்க முயல்வோர் பெரும்பாலும் முதலிற் காண்பது உளுத்துப்போன முன்தளத்தையே.

தளம் உளுப்பதற்குக் கடல்நீரே காரணம் என்று பலர் எண்ணுவர். உண்மையில் மரத்துக்கு அதனினும் பெரிய பகை மழைநீர். மரத்தை உண்ணும் பங்கசுகளுக்கு நன்னீரே உகந்தது. உப்பு அவற்றின் வளர்ச்சியைத் தடுக்கும். இதனை அறிந்தே 19 ஆம் நூற்றாண்டின் மரக்கப்பல் தச்சர் சிலர், கப்பலின் சட்டங்களுக்கு இடையே உப்பைக் கொட்டி நிரப்பினர். மரத்தின் ஈரலிப்பு அதன் உலர்நிறையில் நூற்றுக்கு 20 இற்குக் கீழ் இருக்குமாயின் பங்கசு தலையெடாது. கரையிலே கவிழ்க்காமற் கிடக்கும் படகில் மழைநீர் தேங்குகின்றது. அது பலகையின் பரந்த முகத்தால் எளிதிற் புகுவதில்லை; விளிம்பாலேயே புகுகின்றது. விளிம்பிலே நாரின் வாய்கள் திறந்து கிடக்கின்றன. ஆகவே தளப்பலகை விளிம்பிலே கால் அங்குலம் விலகி நின்றாலும், அந்த இடைவெளியை மாவும் சாயமும் கொண்டு பூசி மறைத்தாலும், படகுக்கு நோய் அன்றே தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். அளவிற் செய்த பிழை அழகுக் குறையோடு நிற்பதில்லை. சில ஆண்டுகள் கழித்து, பிள்ளை ஒன்று ஏறி நிற்கும்போது காலின் கீழே பலகை நொறுங்குவது அப்பிழையின் முடிவாக இருக்கலாம்.

வேலையைத் தொடங்குமுன் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. மேற்றளம் படகுக்கு வெறும் மூடி என்று எண்ணலாகாது. இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் பிடித்து நிறுத்தும் கட்டும் அதுவே. அதனைக் கழற்றிவிட்டால், உடல் மெல்ல விரியவோ ஒருபக்கம் முறுகவோ கூடும். விரிந்த உடலுக்கு அளவெடுத்து வெட்டிய தளம், விரிந்த கோலத்தையே நிலைபெறச் செய்துவிடும். ஆதலின் பழைய பலகையிற் கைவைக்குமுன், இரு விளிம்புகளுக்கும் இடையிலான அகலத்தைச் சில இடங்களில் அளந்து குறித்து, குறுக்கே உறுதியான சட்டங்களை முடுக்கிவிடுதல் வேண்டும். அணியத்தின் நுனியிலிருந்து பின்பக்கத்து இரு மூலைகளுக்கும் நூல் பிடித்து, இரு நூல்களின் நீளமும் ஒக்கின்றனவா என்று பார்த்தலும் நன்று. ஒவ்வாவிடின் படகு ஏற்கெனவே முறுகியிருக்கின்றது என்பது தெளிவு.

பழைய பலகை கழன்றதும் குறுக்குச் சட்டங்கள் வெளிப்படும். அவற்றின் மேல்விளிம்பு வில்போல வளைந்திருக்கும். மழைநீரும் அலைநீரும் தங்காது வழிந்தோடவும், மெல்லிய பலகை மிதித்தாற் பள்ளமாகாது நிற்கவும் இவ்வளைவு உதவுகின்றது. இங்கேதான் நமது மாணவரின் கணிதம் உதவிக்கு வருகின்றது.

ஒரு குறுக்குச் சட்டத்தின் இரு நுனிகளுக்கும் இடையே நேராக 60 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். நடுவிலே அது 3 அங்குலம் உயர்ந்து நிற்கின்றது. அந்த 60 அங்குலம் நாண். சட்டத்தின் மேல்விளிம்பு வில். வட்டத்தின் ஆரையைக் காண்பது எளிது. பாதி நாண் 30. அதன் வர்க்கம் 900. அதனை உயரமாகிய 3 ஆல் வகுத்தால் 300. அதனோடு 3 ஐக் கூட்டினால் 303 அங்குலம் விட்டம். ஆகவே ஆரை 151½ அங்குலம். வெட்டிக்கொள்ளும் நாண்களின் துண்டுகளைப் பற்றி வகுப்பிலே படித்த தேற்றமே இது. இனி வில்லின் நீளம் யாது? இத்தகைய தாழ்ந்த வில்லுக்குக் கைக்கணக்கு ஒன்று உண்டு. உயரத்தின் வர்க்கத்தை 8 ஆற் பெருக்கி, நாணின் மும்மடங்கால் வகுக்க வேண்டும். 8 ஐ 9 ஆற் பெருக்க 72. அதனை 180 ஆல் வகுக்க ஐந்தில் இரண்டு. அதாவது வில், நாணைவிட ஏறக்குறைய ஐந்தில் இரண்டு அங்குலம் நீளமானது.

ஐந்தில் இரண்டு அங்குலம் என்பது சின்னிவிரலின் அகலத்தளவு. அடிமட்டத்தை இரு விளிம்புகளுக்கும் மேலாக நேராகப் பிடித்து, 60 என்று எழுதி, 60 அங்குலத்துக்குப் பலகையை வெட்டியவர், அதனை வளைத்துப் பொருத்தும்போது இரு பக்கமும் சேர்ந்து அவ்வளவு குறைந்து நிற்கக் காண்பார். அவர் எண்ணைத் தவறாக வாசிக்கவில்லை. எண் சரி, எண் எடுத்த வழியே வேறு. பலகை போகும் வழியில் அளவுநாடா போகவில்லை.

மாணவர் கவனிக்க வேண்டிய மற்றொன்றும் உண்டு. வளைவின் உயரம் 3 அங்குலத்துக்குப் பதிலாக 1¼ அங்குலமாக இருந்தால், அதே கணக்கின்படி வித்தியாசம் பதினான்கில் ஓர் அங்குலமே. ஒரு தீக்குச்சியின் தடிப்பளவு. உயரம் இரண்டரை மடங்குக்குச் சற்றுக் குறைவாகவே கூடியது. வித்தியாசமோ ஏறத்தாழ ஆறு மடங்காகின்றது. உயரத்தின் வர்க்கத்தோடு அது வளர்வதே காரணம். தாழ்ந்த தளமொன்றை நாணளவால் வெட்டித் தப்பியவர், உயர்ந்த தளத்திலும் அவ்வாறே தப்பலாம் என்று நம்பியிருத்தல் ஆபத்தானது.

இவ்வளவும் ஒரு திசையில் மட்டும் வளைந்த தளத்துக்குரிய கணக்கு. படகின் தளமோ குறுக்கே வளைவதோடு நெடுக்கேயும் சற்று வளைந்து, அணியத்தை நோக்கி உயர்ந்து செல்லும். இதனால் நேரும் இடர்ப்பாட்டை உணர ஒரு கொப்பித்தாள் போதும். தாளை ஒரு விளிம்பிலே பிடித்தால் மறுமுனை தொங்கிவிடும். பிடித்த விளிம்பைச் சற்றுக் குறுக்கே வளைத்துப் பிடித்தால், தாள் விறைத்து நேராக நீண்டு நிற்கும். ஒரு திசையில் வளைந்த தாள் மறுதிசையில் வளைய மறுக்கின்றது. ஒரு தாளைப் போத்தலைச் சுற்றி ஒட்டலாம். பந்தைச் சுற்றிச் சுருக்கமின்றி ஒட்டுதல் இயலாது. உரித்த தோடம்பழத் தோலை மேசையில் அழுத்தினால் அது கிழிந்தே தட்டையாகும். கவுஸ் என்னும் ஜேர்மனியக் கணிதமேதை 1827 இல் இதற்குரிய தேற்றத்தை நிறுவினார். இழுக்காமலும் கிழிக்காமலும் உருண்ட பரப்பைத் தட்டையாக்க முடியாது என்பது அதிலிருந்து பெறப்படும்.

ஒட்டுப்பலகைக்கும் இவ்விதியே. நெடுக்கே உள்ள வளைவு மிகச் சிறிதாயின், மெல்லிய பலகை சற்று வருந்தி இணங்கிவிடும். சிறு பாய்ப்படகுகளின் தளத்துக்கு 4 முதல் 6 மில்லிமீற்றர்த் தடிப்புள்ள பலகையே வழக்கமாதலால் இவ்விணக்கம் பெரும்பாலும் கிடைக்கும். வளைவு மிகுமாயின் தளத்தை நடுக்கோட்டிலே இரண்டாகப் பிரித்து இடுவர்; அன்றேல் இன்னும் மெல்லிய பலகையை ஒடுங்கிய கீற்றுக்களாக்கி இரண்டு படையாக ஒட்டுவர். பலாத்காரமாகத் திருகாணிகளால் இழுத்துப் பிணித்தால், பலகை எங்கேனும் ஓரிடத்திற் புடைத்தே தீரும். பலகையின் நாரையும் கருத்திற்கொள்ள வேண்டும். மூன்று தாட் பலகையில் மேற்றாளின் நார் படகின் நீளத்தோடு ஓடுமாயின், குறுக்கே வளைப்பது எளிதாகும்.

சரி, கணக்கு இவ்வாறிருக்க, கைதேர்ந்த படகுத் தச்சர் யாது செய்கின்றனர்? அவர்கள் பெரும்பாலும் எண்களை எழுதுவதேயில்லை. உருவத்தையே படகிலிருந்து பலகைக்கு மாற்றுகின்றனர்.

முதலிலே நீண்ட மெல்லிய றீப்பை ஒன்றை எடுத்துக் குறுக்குச் சட்டங்களின் மேலே நெடுக்காகவும் மூலைவாட்டாகவும் வைத்துப் பார்ப்பர். றீப்பை எல்லாச் சட்டங்களையும் தொட்டுக்கொண்டு இழைந்து செல்லுதல் வேண்டும். ஒரு சட்டத்தில் மிதந்தால் அது தாழ்ந்தது. ஒன்றின்மேல் முறிந்து எழுந்தால் அது உயர்ந்தது. உயர்ந்ததைச் சீவுளியாற் சீவியும், தாழ்ந்ததன்மேல் மெல்லிய மரக்கீற்றை ஒட்டியும் சமன்செய்வர். அடியிலுள்ள மேடு பள்ளத்தைத் திருத்தாது மேலே பலகையை எவ்வளவு நுட்பமாக வெட்டினாலும் பயனில்லை.

அடுத்தது மாதிரி எடுத்தல். கடதாசி இதற்கு ஏற்றதன்று; ஈரக்காற்றில் அது நீளும், இழுத்தாற் கோணும். மூன்று மில்லிமீற்றர் ஒட்டுப்பலகைக் கீற்றுக்களைத் தளத்தின் விளிம்பு நெடுகவும் நடுக்கோடு நெடுகவும் சட்டங்களின் மேலேயே படியவைத்து, குறுக்குக் கீற்றுக்களால் ஒன்றோடொன்று ஒட்டி, ஏணி போன்ற ஒரு சட்டகத்தை ஆக்குவர். இதில் முக்கியமான சொல் ‘படியவைத்து’ என்பதே. கீற்றுக்கள் சட்டங்களின் வளைவோடு தாமும் வளைந்து கிடக்கின்றன. தளப்பலகை நாளை எவ்வழியே போகுமோ அவ்வழியே இவை இன்று போகின்றன. ஆதலால் நாம் மேலே கணக்கிட்ட ஐந்தில் இரண்டு அங்குலமும், கணக்கின்றியே மாதிரிக்குள் அடங்கிவிடுகின்றது. மாதிரியை எடுத்துப் பலகையின் மேலே தட்டையாக விரித்தால், வேண்டிய நீளம் தானே வந்து நிற்கும்.

மாதிரியின் விளிம்பு படகின் விளிம்பைச் சரியாகத் தொடாத இடங்களிலே பள்ளிக்கூடக் கவராயம் கைகொடுக்கும். கவராயத்தை ஓர் அங்குலம் திறந்து, ஒரு காலைப் படகின் விளிம்போடு உரசவிட்டு, மறுகாலின் பென்சிலால் மாதிரியில் கோடு இழுப்பர். புதிய பலகையில் மாதிரியை வைத்து, அதே திறப்போடு அக்கோட்டிலிருந்து வெளியே ஓர் அங்குலம் குறித்தால் படகின் விளிம்பு கிடைத்துவிடும். கவராயம் கை தவறி அசையாதிருத்தல் ஒன்றே நிபந்தனை.

கவராயம் எட்டாத மூலைகளுக்குப் பற்கோல் என்று நாம் பெயரிடக்கூடிய ஒரு கருவி உண்டு. அது நுனி கூரிய தட்டையான கோல். ஒரு பக்கம் ஒன்றுபோல் ஒன்றிராத பற்கள் வெட்டப்பட்டிருக்கும். வெட்டுப் பலகை ஒன்றை அவ்விடத்தில் அசையாது பொருத்தி, கோலின் நுனியை மூலையிலே முட்டவைத்து, பற்களின் உருவைப் பலகையிலே வரைவர். நுனியை மற்றோர் இடத்தில் முட்டவைத்து மறுபடியும் வரைவர். பின்னர் அப்பலகையைப் புதிய பலகையின்மேல் வைத்து, வரைந்த பற்களில் கோலைப் பொருத்தினால், நுனி எங்கே இருந்ததோ அங்கேயே மீண்டும் வந்து நிற்கும். பற்கள் வேறுபட்டவையாதலால் கோல் ஒரே ஓர் இடத்திற்றான் பொருந்தும். புள்ளிகளைக் குறித்து, ஒவ்வொன்றிலும் சிறு ஆணி அடித்து, றீப்பையை அவற்றோடு வளைத்தால் விளிம்பின் கோடு கிடைக்கின்றது. ஓர் ஆணியிடத்தில் மட்டும் றீப்பை முரண்டினால் அப்புள்ளியை ஐயுற்று, படகுக்குத் திரும்பிச் சென்று பார்த்தல் வேண்டும்.

இடப்பக்கத்துக்கு எடுத்த மாதிரியைக் கவிழ்த்தால் வலப்பக்கத்துக்கு ஆகாதா என்று கேட்கலாம். வரைபடத்திலே இரு பக்கங்களும் ஒன்றே. அறுபது ஆண்டு ஓடி, இழுபட்டு, ஒருபக்கம் சாய்ந்து கிடந்த படகிலே அவை ஒன்றாக இருப்பது அரிது. ஆதலால் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி மாதிரி எடுத்தலே முறை. கழற்றிய பழைய பலகையையும் கண்ணை மூடிக்கொண்டு மாதிரியாகக் கொள்ளலாகாது. உளுத்த விளிம்பு குறைந்திருக்கும். முன்னொருவர் செய்த பிழையும் அதில் அப்படியே இருக்கும். அதனைச் சாட்சிகளுள் ஒன்றாக விசாரிக்கலாம். தீர்ப்பை அதனிடம் விடலாகாது.

ஒட்டுப்பலகை 8 அடிக்கு 4 அடித் தாள்களாக விற்பனையாகின்றது. படகுப் பலகையின் விலையோ சாதாரணப் பலகையினும் மிக அதிகம். மாதிரிகளைத் தலைமாற்றி வைத்தால் இரு பாதியையும் ஒரே தாளில் அடக்க இயலும் சந்தர்ப்பம் உண்டு. அவ்வாறு வைக்கும்போது ‘இடம்’, ‘வலம்’, ‘அணியம்’, ‘மேல்முகம்’ என்று மாதிரியிலே முன்கூட்டியே எழுதியிருத்தல் நன்று. எழுதாது விட்டால், இரண்டும் ஒரே பக்கத்துக்குரியனவாக வெட்டப்பட்டுவிடும்.

வெட்டும்போது கோட்டின்மேல் வாள் ஓடலாகாது. கோட்டுக்குக் கால் அங்குலம் வெளியே ஓடவேண்டும். எஞ்சியதைப் பொருத்திய பின்னர்ச் சீவுளி எடுத்துவிடும். கைவாள் கீழ்நோக்கி வெட்டுவதால் பலகையின் அடிமுகமே பிய்யும். ஆகவே நல்ல முகம் மேலே இருக்கட்டும். வளைவு வெட்டும் மின்வாளின் அலகு பெரும்பாலும் மேல்நோக்கி வெட்டுவதால் மேல்முகம் பிய்யும்; அதற்கு நல்ல முகம் கீழே. அப்போது மாதிரியையும் கவிழ்த்தே வரையவேண்டும் என்பதை மறத்தலாகாது. கோட்டைக் கூரிய கத்தியால் முதலிற் கீறிவிட்டால் நார் பிய்வது பெரிதும் குறையும்.

வெட்டிய பலகையை உடனே ஒட்டிவிடுதலும் கூடாது. முதலிற் பசையின்றிப் பொருத்திப் பார்க்க வேண்டும். நடுக்கோட்டிலே சில திருகாணிகளால் நிறுத்தி, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி மெல்ல அழுத்திச் செல்வதே முறை. இரு ஓரங்களையும் முதலிற் பிணித்துவிட்டால், நடுவிலே புடைப்பு எழுந்து போக வழியின்றி நிற்கும். பொருத்தம் சரியெனக் கண்டதும், படகின் கீழே குனிந்து, சட்டங்கள் படியும் இடங்களைப் பலகையின் அடிமுகத்தில் பென்சிலாற் குறித்து, மறுபடியும் கழற்றுவர். பசை படவேண்டிய அவ்விடங்களை விட்டு, மற்றைய அடிமுகம் முழுவதற்கும் எப்பொக்சிப் பூச்சை இரண்டு மூன்று முறை இடுவர். தளம் ஒட்டப்பட்ட பின்னர் அப்பக்கத்தை மனிதக்கை எளிதிற் சென்று சேராது. ஆகையால் கண்ணுக்குத் தெரியாத அந்த முகத்துக்கே முதற் கவனிப்பு. பின்னர் பசையும் திருகாணியும் கொண்டு நிலையாகப் பொருத்தி, வெளியே நீண்ட விளிம்பைச் சீவி, திறந்த நார்வாய்கள் குடிக்குமட்டும் விளிம்புக்கு எப்பொக்சியை ஊட்டி முடிப்பர். இப்பூச்சு தோலிற் பட்டால் ஒவ்வாமை உண்டாகலாம்; பலகைத் தூளும் நெஞ்சுக்கு ஆகாது. கையுறையும் மூக்குத் திரையும் இன்றி இளைஞர் இவ்வேலையில் இறங்குதல் கூடாது.

அவ்வாறாயின் கணக்கினால் ஆவதென்ன என்று மாணவர் கேட்கலாம். நமது வகுப்புகளிலும் இக்கேள்வி எழுவதுண்டு. கணக்குப் பெரிதும் ஆகும். மாதிரி 60 அங்குலத்துக்கு மேல் ஐந்தில் இரண்டு அங்குலம் காட்ட வேண்டும் என்று கணக்கு முன்னரே சொல்லிவிடுகின்றது. மாதிரி ஓர் அங்குலம் கூடக் காட்டுமாயின், எங்கோ கீற்று நழுவியிருக்கின்றது, அல்லது சட்டம் ஒன்று இடம்பெயர்ந்திருக்கின்றது என்று உணரலாம். உருவத்தைப் படகிடமிருந்தே வாங்க வேண்டும். வாங்கியது சரிதானா என்று கணக்கைக் கேட்க வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று திருத்தும்போது பலகை வீணாவதில்லை. கணக்கை மட்டும் நம்பினால் படகு முறுகியிருப்பது தெரியாது. கையை மட்டும் நம்பினால், கை செய்த பிழையைக் காட்ட ஒருவரும் இரார்.

பிள்ளைகள் இதனைச் சோதித்துப் பார்க்கப் படகு தேவையில்லை. வீட்டிலே சுளகு ஒன்று இருந்தால், அதன் வளைந்த விளிம்போடு இடைவெளியின்றிப் பொருந்துமாறு தடித்த மட்டையொன்றை வெட்ட முயலட்டும். முதலில் அடிமட்டத்தால் அளந்து, எண்களை எழுதி, ஒன்று வெட்டட்டும். பின்னர் மட்டையைச் சுளகின் அருகே அசையாது வைத்து, கவராயத்தை விளிம்போடு ஓடவிட்டு மற்றொன்று வெட்டட்டும். இரண்டையும் பொருத்தி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், எந்த இடைவெளியினூடாக ஒளி அதிகம் வருகின்றது என்பதை அவர்களே காண்பர். பெற்றோர் அருகிலிருந்து கத்தியை மட்டும் கவனித்துக்கொண்டாற் போதும். விடையைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.